ஒற்று வெறும் ஓசைக்காகவா?

கேள்வி: இரண்டு சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் என்று ஒற்று போடுவதெல்லாம் வெறும் ஓசைக்காகத்தானே? பேச்சில் யாரும் பார்ப்பதில்லை. உங்கள் பத்திரிகையாவது இதை விட்டுவிட்டு எளிமையாக எழுதக் கூடாதா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஓசைக்காக மட்டும் என்றால், ஒரே மாதிரி ஒலிகள் சந்திக்கும் இடமெல்லாம் ஒரே முடிவு வர வேண்டும். வருகிறதா? 'ஓடிய குதிரை', 'ஓடக் கண்டேன்' இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் முதல் சொல் அகரத்தில் முடிகிறது, அடுத்த சொல் ககரத்தில் தொடங்குகிறது. ஆனால் ஒன்றில்தான் ஒற்று மிகுகிறது. 'ஓடிய' பெயரெச்சம், அடுத்து வரும் பெயரோடு சேர்கிறது; 'ஓட' வினையெச்சம், அடுத்து வரும் வினையோடு சேர்கிறது. எந்தச் சொல்லோடு என்ன உறவு என்பதைப் பார்த்துத்தான் நாக்கு அழுத்துகிறது.

பேச்சில் பார்ப்பதில்லை என்கிறீர்கள். பேச்சில்தான் இது இன்னும் கறாராக இருக்கிறது! பல ஊர்களில் 'என்னை' என்பது தேய்ந்து 'என்ன' என்றே ஆகிவிட்டது. அப்புறம் 'என்னக் கேட்டான்', 'என்ன கேட்டான்' இரண்டையும் எப்படிப் பிரிக்கிறோம்? 'ஐ' என்ற வேற்றுமை உருபு காணாமல் போன இடத்தில் அந்த ஒரு 'க்'தான் அதன் வேலையைச் செய்கிறது. பள்ளிக்கூடம் போகாதவர்கூட இதில் தடுமாறுவதில்லை.

தொல்காப்பியம் இதை எழுத்ததிகாரத்திலேயே சொல்லிவிட்டது. ஒலிகளைப் பற்றிய அதிகாரம்தான். ஆனாலும் சொற்கள் சேரும் புணர்ச்சியை வேற்றுமை ('ஐ', 'கு' போன்ற உருபுகளின் பொருளில் சேர்வது), அல்வழி (மற்ற வகையில் சேர்வது) என்று தொடர் உறவை வைத்துத்தான் பிரிக்கிறது. பள்ளியில் நாம் இந்தக் காரணத்தைச் சொல்லாமல், மிகும் இடம், மிகா இடம் என்று பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்கிறோம். பிள்ளைகளுக்கு வெறுப்பு வராமல் என்ன செய்யும்?

ஓசைக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. 'எடுத்துப் போனான்', 'வந்து போனான்' இரண்டும் வினையெச்சத் தொடர்கள்தான். முன்னது வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது 'த்' என்ற வல்லின மெய்யை அடுத்து 'து' வந்து முடிகிறது, அதனால் மிகுகிறது. பின்னது மென்தொடர், 'ந்' என்ற மெல்லின மெய்யை அடுத்து 'து' வருகிறது, மிகவில்லை. இங்கே முடிவு செய்வது ஒலி.

ஆகவே இந்தப் பத்திரிகையில் ஒற்று இருக்கும். ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறோம்: 'அவளை பாலு கூப்பிட்டான்' போன்ற இடங்கள். பாலுவின் 'பா' ஆங்கில b போல மெலிந்து ஒலிப்பது. 'ப்' போட்டால் அந்தப் பெயரின் 'பா', நாம் குடிக்கிற பாலின் 'பா' ஆகிவிடும்; அதனால் அங்கே போடுவதில்லை.