சமூகப் பணியிலிருந்து பிரசவ வார்டுக்கு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணியில் முதுகலை) படித்துவிட்டு ஆறு வருஷம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கர்ப்பிணிகள், கணவனிடம் அடிபட்டு வீட்டை விட்டு வந்த பெண்கள், இவர்களோடுதான் என் ஃபீல்ட். 29 வயதில் ஜி.என்.எம். என்ற செவிலியர் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். இப்போது பிரசவ வார்டில் பத்தாவது வருஷம். நடுவில் என்.பி.எம். என்ற மிட்வைஃப் (பேறுகாலத் தாதி) மேற்பயிற்சியும் முடித்தேன். இதே வழியில் வர நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

சிஸ்டர், எம்.எஸ்.டபிள்யூ. முடித்தவர் நேராக மிட்வைஃப் ஆக முடியுமா? சில நாடுகளில் நர்சிங் படிக்காமலே ஆகலாம் என்கிறார்களே? (மதுரை, வயது 26)

பிரிட்டனில் அப்படி முடியும். அங்கே மிட்வைஃபரி தனிப் பட்டப்படிப்பு. நம் நாட்டில் முதலில் செவிலியர் ஆகவேண்டும், வேறு வழி இல்லை. ஜி.என்.எம். மூன்று வருஷம், பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருஷம். எது முடித்தாலும் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யும்போது செவிலியர், பேறுகாலத் தாதி என்று இரண்டு பதிவும் சேர்ந்தே கிடைக்கும். ஆர்.என்., ஆர்.எம். என்று பெயருக்குப் பின்னால் போடுகிறார்களே, அதில் ஆர்.எம். என்பதுதான் தாதிப் பதிவு.

அதற்கு மேலே இருப்பது நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி என்ற பயிற்சி. என்.பி.எம். என்று நான் சொன்னது இதைத்தான். மத்திய சுகாதார அமைச்சகம் 2018 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டு நாடு முழுவதற்கும் கொண்டுவந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்பே தெலங்கானா தன் செவிலியர்களைப் பயிற்சிக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. பயிற்சி 18 மாதம். பதிவு பெற்ற செவிலியராகவும், பிரசவம் பார்த்த அனுபவம் உள்ளவராகவும் இருக்கவேண்டும். இதுவரை பெரும்பாலும் அரசுப் பணியில் இருப்பவர்களைத்தான் எடுக்கிறார்கள். ஆக, இன்றைக்குத் தொடங்கினால் ஆறேழு வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிளஸ் டூவில் காமர்ஸ். வயது 31. எனக்கு இடம் உண்டா அக்கா? (திண்டுக்கல்)

உண்டு. பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம், அதனால் அந்தக் கதவு இப்போதைக்கு மூடியிருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஜி.என்.எம். படிப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அறிவியல் படித்தவர்களை விரும்புவார்கள், ஆனால் மற்ற பிரிவினரும் சேரலாம். இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் வயது உச்சவரம்பு 35. அரசுக் கல்லூரிகளின் அறிவிப்பில் வரம்பு இன்னும் குறைவாக இருக்கக்கூடும், அந்தந்த வருஷத்து அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள். தள்ளிப்போடாதீர்கள் தங்கச்சி.

இன்னொன்று. வாரக் கடைசியில் மட்டும் வகுப்பு, தபால் வழி நர்சிங், ஆறு மாத நர்ஸ் கோர்ஸ் என்று யார் சொன்னாலும் பணம் கட்டாதீர்கள். முழுநேரம் படித்தால்தான் கவுன்சில் பதிவு கிடைக்கும். கல்லூரியின் பெயர் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். என் வகுப்புத் தோழியின் தங்கை இரண்டு வருஷத்தையும் வீட்டு நகையையும் இப்படித்தான் இழந்தாள்.

இத்தனை வருஷம் செய்த சமூகப் பணி வீணாகிவிடாதா? (கோயம்புத்தூர், வயது 34)

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு ராத்திரி வயிற்று வலி என்று ஒரு பெண்ணை அழைத்து வந்தார்கள். வயது 19 என்றார் அம்மா. அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. உள்பரிசோதனைக்குப் போனபோது தொடைகளை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் ஒண்டிவிட்டாள். "ஒத்துழைக்க மாட்டேங்கிறா" என்று சீட்டில் எழுதிவிட்டுப் போவது எளிது. அந்த இறுக்கத்தை நான் ஃபீல்டில் பல முறை பார்த்திருக்கிறேன். எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, கையுறையைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். நீ சரி என்று சொன்ன பிறகுதான் தொடுவேன், நடுவில் போதும் என்றால் நிறுத்திவிடுவேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள், வயது 16 என்று.

18 வயதுக்குக் கீழே என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தகவல் கொடுத்தே ஆகவேண்டும். அதை அவளுக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் செய்யக்கூடாது. என்ன நடக்கும், யார் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்று முதலிலேயே அவளிடம் சொன்னேன். குழந்தையை வளர்க்க முடியாது என்று அவள் சொன்னபோது வீட்டில் கமுக்கமாக யாருக்கோ கொடுத்துவிடப் பார்த்தார்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் முறையாக ஒப்படைத்தால் மனம் மாறுவதற்கு 60 நாள் அவகாசம் உண்டு என்பது அந்த வார்டில் அன்றைக்கு எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. அது சமூகப் பணி எனக்குக் கற்றுக்கொடுத்தது.

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் உண்டு. கேள்விகளை யாரும் வாசித்துவிடலாம். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எல்லாப் பதிலும் "நல்லா இருக்கேன்" என்றுதான் வரும். எப்போது, யார் இல்லாத நேரத்தில் கேட்பது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். எதுவும் வீணில்லை.

மாறி வந்ததில் உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமாக இருந்தது சிஸ்டர்? (புதுச்சேரி)

காதைக் கொஞ்சம் மூடி கையைத் திறப்பது.

படிக்கும்போது நடந்தது. பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடியும் வந்துவிட்டது. அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக் கதையை அழுதபடி சொன்னார், நான் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தேன். மூத்த சிஸ்டர் வந்தவர், ஒன்றும் பேசாமல் தாயின் அடிவயிற்றில் கை வைத்தார். கர்ப்பப்பை கெட்டியாக இல்லை, மாவு மாதிரி இருந்தது. போர்வைக்குக் கீழே ரத்தம் தேங்கியிருந்தது. உடனே ஆள் கூப்பிட்டு, கர்ப்பப்பையைத் தேய்த்து, மருந்து ஏற்றி, காப்பாற்றிவிட்டார்கள். அப்புறம் அந்த சிஸ்டர் என்னிடம் சொன்னது: "கதை கேளு, வேண்டாம்னு சொல்லல. ஒரு கை வயித்து மேல இருக்கட்டும்."

குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள் ரத்தப்போக்கைத் தடுக்கும் ஆக்சிடோசின் மருந்தை 10 யூனிட் தசையில் போடுவது, முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கு ஒரு முறை கர்ப்பப்பையையும் ரத்தப்போக்கையும் பார்ப்பது, இதெல்லாம் புத்தகத்தில் எனக்கு மனப்பாடம். அந்த நாளுக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. சமூகப் பணியில் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் பல நேரம் சரிசெய்துகொள்ளலாம். இங்கே சில நிமிஷம்தான்.

சம்பளம் எப்படி? (திருச்சி, வயது 29)

தொடக்கத்தில் குறையும். திட்ட ஒருங்கிணைப்பாளராக வாங்கிய சம்பளத்தைத் தனியார் மருத்துவமனையில் புதிய செவிலியருக்குத் தரமாட்டார்கள். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் போகலாம். அங்கேயும் முதலில் தொகுப்பூதியம், பணி நிரந்தரம் ஆகச் சில வருஷம் பிடிக்கும். படிக்கும் மூன்று வருஷத்துக்கான வீட்டுச் செலவை முன்கூட்டியே ஒதுக்கிவைத்துவிட்டு வாருங்கள். நான் ஒதுக்காமல் வந்து, இரண்டாம் வருஷம் அண்ணனிடம் கடன் வாங்கினேன்.

என் மனைவி சேர விரும்புகிறாள். மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது. சமாளிக்க முடியுமா? (சேலம்)

நீங்கள் சமாளித்தால் அவரால் முடியும் தம்பி. வகுப்போடு வார்டு பயிற்சியும் உண்டு, இரவுப் பணியும் வரும். பல கல்லூரிகளில் விடுதியில் தங்கச் சொல்வார்கள், சேருவதற்கு முன் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ராத்திரி குழந்தை எழுந்தால் யார் பார்ப்பது என்று இப்போதே பேசி முடிவு செய்துவிடுங்கள். "பாத்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பப்பட்ட இரண்டு பேர் பாதியில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

மிட்வைஃப் வந்தால் சிசேரியன் குறையுமா? (சென்னை)

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் ஏறக்குறைய 45 சிசேரியன். தனியாரில் மட்டும் எடுத்தால் 64-ஐ நெருங்குகிறது. நாடு முழுவதற்கும் சராசரி 21 அல்லது 22 தான். சிசேரியன் தேவைப்படும் தாய்க்கு அது உயிர் காக்கும், ஒரு நிமிஷம்கூட அதைத் தள்ளிப்போட மாட்டேன். ஆனால் இந்த 45-இல் பொறுமையின்மையால் நடந்தவையும் இருக்கின்றன என்றே நினைக்கிறேன். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் தீவிர வலிக் கட்டம் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் சொன்னது. மூன்று சென்டிமீட்டரில் படுக்கையில் கிடத்தி, "இன்னும் ஆகலையே" என்று வீட்டார் பதற, நாமும் பதறினால் என்ன ஆகும்?

எங்கள் வேலை அங்கேதான். நடக்கவிடுகிறோம், தண்ணீரும் கஞ்சியும் கொடுக்கிறோம், கூடவே ஒரு பெண் துணையை வைக்கிறோம், குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் பார்க்கிறோம். சிக்கல் தெரிந்த கணம் மருத்துவரைக் கூப்பிடுகிறோம். தனியாக வீட்டில் பிரசவம் பார்க்கும் உரிமம் இல்லை இது. அப்படிக் கேட்டு வந்த இருவருக்கும் இதே பதில்தான்.

சமூகப் பணியில் சோகத்தைப் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டேன். பிறப்பின் சந்தோஷத்தோடு வேலை செய்ய ஆசை. சரியான முடிவா அக்கா? (நாகர்கோவில், வயது 30)

களைப்போடு வராதீர்கள், முதலில் ஓய்வெடுங்கள். பெரும்பாலான நாள் சந்தோஷம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் வயிற்றிலேயே இறந்துபோன குழந்தைக்கும் நாங்கள்தான் பிரசவம் பார்க்கிறோம். பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தை அழும். அந்தத் தாயிடம் "பாக்கணுமா?" என்று கேட்டு, வேண்டும் என்றால் குழந்தையைத் துடைத்து, துணியில் சுற்றி, முகம் தெரியும்படி கொடுக்கவேண்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தக்கூடாது, மறுநாள் ஒரு முறை மறுபடி கேட்கவேண்டும்.

உங்கள் ஃபீல்ட் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும். மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்டு, கிராம சுகாதார செவிலியரோடு கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் முழுநாள் இருந்து பாருங்கள், ஒரு மாதம் நாலைந்து தடவை. சாயங்காலம் கால் வலியோடு பஸ் ஏறும்போது அடுத்த தடவைக்கு மனம் போகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.