சான்றிதழ்களை ஒப்பிடுவது எப்படி? நீலகிரி அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

தொழிற்பயிற்சி நிலையத்தில் பயிற்றுநராகவும் பின்னர் வேலைவாய்ப்பு வழிகாட்டுநராகவும் பணியாற்றியவன் என்ற முறையில், கல்வி, தொழில், அனுபவம் ஆகியவற்றுக்கான சான்றிதழ்கள் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். கல்விக்கடனும் கல்லூரிச் சேர்க்கையும் என் துறையல்ல. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அசல் சான்றிதழை யாருக்கும் காட்டலாம், யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது.

கேள்வி (குன்னூர்): என் மகன் அரசு ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு ஃபிட்டர் படிப்பை முடித்திருக்கிறான். நாத்தனார் மகன் கோவையில் ஒரு தனியார் மையத்தில் ஆறு மாதம் படித்து ‘அட்வான்ஸ்டு டிப்ளமோ’ வாங்கியிருக்கிறான். சொந்தக்காரர்கள் எல்லோரும் டிப்ளமோதான் பெரிது என்கிறார்கள். உண்மையில் எது மேல்?

பதில்: தாளின் தலைப்பை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது, அம்மா. நான்கு விவரங்களைத் தேடுங்கள். வழங்கியவர் யார், அவருக்கு அந்த அதிகாரத்தை எந்தச் சட்டம் அல்லது எந்த அமைப்பு கொடுத்தது? எத்தனை மணி நேரப் பயிற்சி? தேர்வை நடத்தியது பயிற்சி கொடுத்தவரேயா, வேறொருவரா? படிப்புகளையும் திறன்களையும் நிலை எண் கொடுத்து வரிசைப்படுத்தும் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் அது எந்த நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது?

உங்கள் மகன் கையில் இருப்பது தேசியத் தொழிற்சான்றிதழ். பாடத்திட்டமும் பயிற்சிக் காலமும் நாடு முழுவதும் ஒன்றே. தேர்வும் அகில இந்திய அளவில் நடப்பது. ஆகவே குன்னூரில் படித்த ஃபிட்டரையும் நாக்பூரில் படித்த ஃபிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். ‘டிப்ளமோ’ என்ற பெயருக்கு அப்படிப்பட்ட காவல் இல்லை. ‘பட்டம்’ என்பதற்கு உண்டு: 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமோ, நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ, நாடாளுமன்றச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனமோதான் பட்டம் வழங்கலாம். பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு படித்துப் பெறும் டிப்ளமோவுக்கும், ஒரு கடை மாடியில் மூன்று மாதம் கணினி கற்றுப் பெறும் டிப்ளமோவுக்கும் ஒரே பெயர் வழங்குவதால்தான் இத்தனை குழப்பம்.

மணி நேரத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்பின்படி 30 கற்றல் மணி நேரம் ஒரு கிரெடிட். ஓராண்டு முழுநேரப் படிப்பு 1,200 மணி நேரம், அதாவது 40 கிரெடிட். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் என்று நடக்கும் வகுப்பு, ஆறு மாதத்தில் 100 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். நான்கு கிரெடிட்கூட முழுதாகத் தேறாது. அந்தப் பையன் கற்றது வீண் என்று நான் சொல்லவில்லை. அவன் கற்றது எவ்வளவு என்பதை அந்தத் தாள் சொல்லவில்லை என்பதே குறை.

கேள்வி (ஊட்டி): நான் அரசு கலைக் கல்லூரியில் 1979-இல் பி.ஏ. முடித்தேன்; பட்டத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது. என் மகள் அதே கல்லூரியில் படித்து, பாரதியார் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியிருக்கிறாள். இரண்டும் சமமா?

பதில்: சமம். பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல்தான் வந்தது. பட்டத்தைக் கல்லூரி வழங்குவதில்லை. அது இணைந்திருக்கும் பல்கலைக்கழகமே வழங்குகிறது.

கேள்வி (பந்தலூர்): எங்கள் குடும்பம் சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பி, டான்டீ (அரசின் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டத்தில் குடியேறியது. அப்பாவிடம் இலங்கையின் ஜி.சி.இ. சாதாரண தரச் சான்றிதழ் இருக்கிறது. அண்மையில் அங்கிருந்து வந்த உறவுக்காரப் பெண்ணிடம் உயர்தரச் சான்றிதழ் இருக்கிறது. இங்கே இவை எதற்குச் சமம்?

பதில்: சாதாரண தரத்தை நம் பத்தாம் வகுப்போடும், உயர்தரத்தைப் பன்னிரண்டாம் வகுப்போடும் ஒப்பிடுவதே வழக்கம். ஆனால் வழக்கம் என்பது ஆவணம் ஆகாது. வெளிநாட்டுப் படிப்புகளுக்கு இணைச் சான்று வழங்கும் பணியை இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நெடுங்காலமாகச் செய்து வந்தது; பல்கலைக்கழக மானியக் குழுவும் 2025-இல் இதற்கெனத் தனி விதிமுறைகளை அறிவித்திருக்கிறது. அந்தப் பெண் மேலே படிக்க விரும்பினால், சேர்க்கை தொடங்கும் வரை காத்திராமல் இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அசலைத் தபாலில் அனுப்ப வேண்டாம்.

கேள்வி (கோத்தகிரி): விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கும் இலைக் கொள்முதல் ஃபாக்டரி ஒன்றில், தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கராக நெடுங்காலம் இருந்தேன். ஒன்பதாம் வகுப்புதான் படிப்பு. ஃபாக்டரி மூடப்பட்டபோது ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் எங்கும் எடுபடவில்லை. நான் என்ன செய்வது?

பதில்: நீங்கள் அனுப்பிய கடிதத்தைப் படித்தேன். மொத்தம் மூன்று வரி: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வேலை பார்த்தார், நன்னடத்தை உடையவர், அவர் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். வாசலில் நின்ற காவலாளிக்கும் இதே மூன்று வரிதான் கொடுத்திருப்பார்கள். வதங்கும் தொட்டியில் இலையை எப்போது புரட்ட வேண்டும், எப்போது காற்றை நிறுத்த வேண்டும் என்பதை முடிவு செய்தவர் நீங்கள். இலையை நசுக்கிக் கிழிக்கும் சி.டி.சி. ரோலரின் பல் தேய்ந்திருப்பதைத் தூளைப் பார்த்தே அறிந்தவர். நிறம் மாறும் தூளின் வாசனையை வைத்து டிரையருக்கு ஏற்றும் நேரத்தைச் சொன்னவர். டிரையரிலிருந்து வரும் தேயிலையில் ஈரம் மூன்று சதவீத அளவில் நிற்கும்படி பார்த்துக்கொண்டவர். இவற்றில் ஒன்றுகூட அந்தக் கடிதத்தில் இல்லை.

பழைய மேலாளர் உயிரோடு இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். எந்த இயந்திரங்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பச்சை இலை, எத்தனை பேரை மேற்பார்த்தீர்கள், எந்த முடிவுகளை யாரையும் கேட்காமல் எடுத்தீர்கள் என்ற நான்கையும் எழுதி, அவருடைய பதவியோடு கையொப்பம் வாங்குங்கள். அதன்பின், முன்கற்றலை அங்கீகரிக்கும் திட்டத்தில் உங்கள் வேலைக்கு நெருக்கமான தகுதி இருக்கிறதா என்று தேசியத் தகுதிப் பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் திட்டத்தில் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்ததை மதிப்பிட்டுச் சான்று தருவதே அதன் நோக்கம்.

கேள்வி (கோத்தகிரி, ஓய்வு பெற்ற ஃபாக்டரி மேலாளர்): மேலே எழுதியவருக்குச் சான்றிதழ் எதற்கு? நான் ஒருபோதும் தாளைப் பார்த்து ஆள் எடுத்ததில்லை. தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி இலையை அள்ளிக் கொடுத்து, வதங்கிவிட்டதா என்று கேட்பேன். பதில் சொல்வதற்கு முன் அவர் இலையைப் பிடிக்கும் விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும். இந்த நிலை எண்கள் எல்லாம் டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான்.

பதில்: ஐயா, உங்கள் தேர்வு மிக நல்ல தேர்வு. எழுத்துத் தேர்வு எதையும்விட அதுவே நம்பத் தகுந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதன் முடிவு உங்கள் மனத்தில் மட்டும் இருக்கிறது. அந்த மனிதர் குன்னூருக்கோ வால்பாறைக்கோ மூணாறுக்கோ போனால், உங்கள் தீர்ப்பை எதில் எடுத்துச் செல்வார்?

ஊட்டி இந்து நகரில் 1960-இல் நிறுவப்பட்ட புகைப்பட ஃபிலிம் ஆலையை எண்ணிப் பாருங்கள். இருட்டறையில் பூச்சு வேலை செய்தவர்கள் வெப்பநிலையையும் ஈரத்தையும் தூசியையும் கட்டுப்படுத்துவதில் தேர்ந்தவர்கள். மருந்து ஆலைக்கு வேண்டியதும் இதே கட்டுப்பாடுதான். அந்தத் தொழிலின் காலம் முடிந்தபோது, தனக்குத் தெரிந்ததை இன்னொரு தொழிலுக்குப் புரியும்படி சொல்லும் தாள் வைத்திருப்பவருக்கும் ‘ஃபிலிம் ஆலையில் இருந்தேன்’ என்று வாயால் மட்டும் சொல்பவருக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

கேள்வி (கூடலூர், ஆசிரியை): மேலாளர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நிலை எண் வந்தால், அதை விற்பதற்கென்றே மையங்கள் முளைக்கும். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிப் பிள்ளைகளை இரண்டு நாள் ஒரு கூடத்தில் உட்கார வைத்து, படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். அந்தத் தாளால் யாருக்கு என்ன கிடைத்தது?

பதில்: நீங்கள் பார்த்தது உண்மை என்பதை நான் அறிவேன். அதனால்தான் தேர்வை நடத்தியது யார் என்பதை நான்கு கேள்விகளில் ஒன்றாக வைத்தேன். நிலை எண் என்பது ஒரு கூற்று. அந்தக் கூற்றைச் சோதித்தவர் பெயரும், சோதித்த முறையும் இல்லாவிட்டால் அதை நம்பக் காரணமில்லை. பயிற்சி கொடுப்பவரும் மதிப்பிடுபவரும் வெவ்வேறாக இருக்க வேண்டும் என்பதற்காகவே மதிப்பீட்டு முகமைகளும் சான்று வழங்கும் அமைப்புகளும் தனித்தனியாக அங்கீகரிக்கப்படுகின்றன. கண்காணிப்பு தளர்வதற்கு மருந்து கண்காணிப்பை இறுக்குவதே. அளவுகோலே வேண்டாம் என்பது அல்ல. அளவுகோல் இல்லாத இடத்தில் முதலில் இழப்பவர்கள் நீங்கள் சொல்லும் அந்தப் பிள்ளைகளே. நகரத்துப் பிள்ளைக்கு மாமா சிபாரிசு செய்வார். காட்டுநாயக்கர் பிள்ளைக்குத் தாள்தான் பேச வேண்டும்.

மேலாளர் மீண்டும்: நிலை எண் கூடினால் முதலாளி சம்பளத்தைக் கூட்டிவிடுவாரா?

பதில்: தானாகக் கூட்ட மாட்டார். ஆனால் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கைகள் தொழிலாளர்களைத் திறன் பெற்றவர், பகுதித் திறன் பெற்றவர், திறன் பெறாதவர் என்று பிரிப்பதுண்டு. ஒருவருக்குத் தெரிந்தது என்ன என்பதற்கு வெளிச்சான்று இல்லாதபோது, அவரை எந்தப் பிரிவில் போடுவது என்பதைச் சம்பளம் கொடுப்பவரே முடிவு செய்துவிடுகிறார். ஜெர்மனியைப் பாருங்கள்: அங்கே தேர்வெழுதி ‘மைஸ்டர்’ (தொழில் வல்லுநர்) ஆன தச்சரையும் இளநிலைப் பட்டதாரியையும் தேசியக் கட்டமைப்பில் ஒரே ஆறாம் நிலையில் வைத்திருக்கிறார்கள். பச்சை இலையைத் தேயிலையாக்கும் அறிவுக்கு நம் நாட்டிலும் அப்படி ஒரு படி எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். உங்களைப் போன்ற மேலாளர்கள் மதிப்பீட்டாளர்களாக வந்து அமர்ந்தால், அந்தக் கைப்பிடி இலைத் தேர்வே முறையான தேர்வாகிவிடும்.

கேள்வி (அருவங்காடு): என் சான்றிதழில் ‘நிலை 5’ என்று இருக்கிறது. தம்பியின் புதிய சான்றிதழிலும் நிலை 5. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஆண்டைப் பார்க்காமல் அப்படி முடிவு செய்யக்கூடாது. 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட கட்டமைப்பில் பத்து நிலைகள்; 2023-இல் திருத்தியபோது எட்டாகக் குறைத்தார்கள். நிலை எண்ணை எங்கே எழுதினாலும் பக்கத்தில் ஆண்டையும் எழுதுங்கள்.

கேள்வி (எடப்பள்ளி): ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் சான்றிதழ் இருக்கிறது. கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வும் எழுத வேண்டுமா?

பதில்: இரண்டும் வெவ்வேறு. முன்னது நீங்கள் என்ன கற்றீர்கள் என்பதைச் சொல்கிறது. பின்னது ஒரு வேலையைச் செய்ய மாநில அரசின் அமைப்பு தரும் தகுதிச்சான்று. வேலை அறிவிப்பு எதைக் கேட்கிறது என்று படியுங்கள். கேட்கும் இடத்தில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வைக்க முடியாது.

கேள்வி (ஜெகதளா): என் மகள் படித்த மையத்தில் ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா?

பதில்: எந்த அரசு, எந்தத் துறை, எந்த ஆணை எண் என்று கேளுங்கள். ஒரு நிறுவனத்தைச் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்திருப்பது, அது நடத்தும் படிப்புக்குக் கிடைத்த அங்கீகாரம் ஆகாது.

கேள்வி (கேத்தி): எங்கள் ஊர் மையத்தின் ஓராண்டு நர்சிங் படிப்புக்கு அங்கீகாரம் உண்டா?

பதில்: தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். முடியாது என்றால், அந்தப் படிப்பைக் கொண்டு செவிலியராகப் பணியாற்ற இயலாது.

கேள்வி (மஞ்சூர்): தொலைதூரப் பட்டம் ஒன்று வாங்கினேன். அங்கீகாரம் உண்டா?

பதில்: நீங்கள் சேர்ந்த ஆண்டில், அந்தப் படிப்புக்கு, பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைதூரக் கல்விப் பிரிவு அனுமதி தந்திருந்ததா என்று பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும் போதாது. ஜெகதளா, கேத்தி அன்பர்களுக்கு எழுதியதையும் படித்துவிடுங்கள்.

கேள்வி (குந்தா): எங்கள் மையத்துக்கும் அங்கீகாரம் உண்டா என்று...

பதில்: மேலே மூன்று முறை பதில் எழுதியாயிற்று. தயவுசெய்து படிக்கவும்.

கேள்வி (வெலிங்டன்): ஒரு பல்கலைக்கழகத்தின் 7.8 சி.ஜி.பி.ஏ.யையும் இன்னொன்றின் 74 சதவீதத்தையும் எப்படி ஒப்பிடுவது?

பதில்: எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே வாய்பாடு கிடையாது. சி.பி.எஸ்.இ. ஒரு காலத்தில் பத்தாம் வகுப்புக்குச் சொன்ன 9.5-ஆல் பெருக்கும் வழியைப் பலர் பட்டங்களுக்கும் பயன்படுத்துகிறார்கள், அது தவறு. உங்கள் பல்கலைக்கழகம் தரும் மாற்றுச் சான்றை வாங்கி இணையுங்கள்.

கேள்வி (குன்னூர்): வேலையில் சேர்ந்த இடத்தில் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். விலகினால்தான் தருவார்களாம்.

பதில்: இதற்காகத்தான் தொடக்கத்திலேயே எச்சரித்தேன். சான்றிதழ் உங்கள் சொத்து; அதைப் பிணையாக வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமையில்லை. கல்லூரிகளும் அசலைப் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். அரசின் மின்னணு ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரில் கிடைக்கும் சான்றிதழ்களை இன்றே இறக்கி வையுங்கள். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அவை அசலுக்கு நிகரானவை. இனி எந்த நிறுவனம் சரிபார்க்க வேண்டும் என்றாலும் அதன்வழியே பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி (கொலக்கம்பை): டீ மேக்கருக்குச் சொன்ன கடிதத்தைத் தமிழில் எழுதலாமா? எங்கள் ஃபாக்டரியில் கேட்டால் தருவதாகச் சொல்கிறார்கள்.

பதில்: தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதி வாங்குங்கள், கேரளத்துக்கோ கர்நாடகத்துக்கோ போனாலும் பயன்படும். ‘ஃபாக்டரியின் எல்லா வேலைகளையும் செய்தார்’ என்று எழுத வந்தால் மறுத்துவிடுங்கள். இயந்திரத்தின் பெயரும் வேலையின் பெயரும் தனித்தனியாக வர வேண்டும். கையொப்பமிட்டவரின் பதவி, தேதி, முத்திரை, விசாரித்தால் பதில் சொல்லக்கூடிய தொலைபேசி எண் ஆகியவை இருக்கட்டும். ஃபாக்டரி ஓடிக்கொண்டிருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.