கோயிலில் பழக்கமானவரிடம் ஓய்வுத் தொகையைக் கொடுக்கலாமா?

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். துணி ஆலையில் 31 ஆண்டுகள் உழைத்த கணவருக்கு ஓய்வுத் தொகையாக 6 லட்சம் ரேண்ட் கையில் வந்திருக்கிறதாம். கோயிலில் பழக்கமான நிதி ஆலோசகர் ஒருவர், பணத்தைத் தன்னிடம் தந்தால் மாதம் 3 சதவீதம் தருவதாகச் சொல்கிறார். "காவடிக்கு எங்களோடு விரதம் இருப்பவர். நம்பலாமா?" என்று கேட்கிறார்.

அம்மா, அவர் நல்லவராகவே இருக்கட்டும். பணத்தை மட்டும் இப்போது கொடுக்காதீர்கள். மாதம் 3 சதவீதம் என்றால் 18,000 ரேண்ட், ஆண்டுக்கு 36 சதவீதம். இங்கே எந்த வங்கியும் இதன் பக்கத்தில்கூட வராது. இதை உறுதியாகத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் எனக்குப் பயம்தான் வரும்.

அவருடைய எஃப்.எஸ்.பி. எண்ணை, அதாவது நிதிச் சேவை வழங்குபவருக்கான உரிம எண்ணைக் கேளுங்கள். நிதி ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் 2002ஆம் ஆண்டின் ஃபைஸ் சட்டப்படி, உரிமம் உள்ளவரோ அப்படிப்பட்ட நிறுவனத்தின் பிரதிநிதியோதான் தென்னாப்பிரிக்காவில் நிதி ஆலோசனை சொல்லலாம். அந்த எண்ணை, உரிமம் தரும் அரசு அமைப்பான எஃப்.எஸ்.சி.ஏ.வின் இணையதளத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயர் வரும். பலர் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். எதற்கான உரிமம் என்பதையும் பாருங்கள். ஈமச்சடங்குக் காப்பீடு விற்க மட்டும் உரிமம் வாங்கியவர் முதலீட்டுக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. அடுத்தவர் எண்ணைத் தன் கார்டில் அச்சடித்துக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதனால் கார்டில் உள்ள போன் நம்பரை விட்டுவிட்டு, எஃப்.எஸ்.சி.ஏ.வுக்கே போன் போட்டு "இவர் அந்த நிறுவனத்தின் ஆள்தானா?" என்று கேட்டுவிடுங்கள்.

சரி, உரிமம் இருக்கிறது. பணம் யார் கணக்குக்குப் போகிறது? முதலீட்டு நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும். ஆலோசகரின் சொந்தக் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் கட்டணம். "ஒரு சதவீதம்தான்" என்பார்கள். எத்தனை ரேண்ட் என்று கேளுங்கள். 6 லட்சத்துக்கு அது ஆண்டுக்கு 6,000. முதலீடு வளர்ந்தாலும் இறங்கினாலும் பிடிப்பார்கள். கமிஷன் தனியாக உண்டா என்பதையும் கேளுங்கள். என்ன ஆலோசனை, ஏன் உங்களுக்குப் பொருந்தும் என்பதை எழுத்தில் வாங்கி, பாலிசிப் பத்திரங்களோடு பத்திரப்படுத்துங்கள். பிறகு தகராறு வந்தால், முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 6 வாரத்தில் தீரவில்லை என்றால் ஃபைஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது. அங்கே அந்தத் தாள்தான் உங்களுக்குச் சாட்சி.

தெரிந்தவரிடம் எண் கேட்கக் கூச்சமாக இருக்கும், புரிகிறது. உரிமம் உள்ள எங்களைப் போன்ற ஆலோசகர்களுக்கு அந்த எண் கடிதத் தாளிலேயே அச்சாகியிருக்கும். கேட்டால் யாரும் கோபப்பட மாட்டோம்.