எங்கள் ஊர் பஸ்களுக்கு ஒரு செயலி செய்ய விரும்புகிறேன். வரைபடத்திலிருந்து தொடங்கலாமா?

தொடங்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் அம்மாவின் ஒரு நாள் வியாபாரம் அதில் போயிற்று. அதனால்தான் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் சிற்றூரில் பஸ்ஸுக்கு நின்று அலுத்துப்போய்த்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். சென்னைக்காரர் என்றால் நான் சொல்வது உங்களுக்கு அதிகம் உதவாது. அங்கே மாநகர பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் செயலி 2022லேயே வந்துவிட்டது. ஒரு வண்டியை விட்டாலும் பின்னால் இன்னொன்று வரும். எங்களுக்கு அடுத்த வண்டி என்றால் இரண்டு மணி நேரம்.

எங்கள் ஊர், உச்சிப்புளியில் நெடுஞ்சாலையை விட்டு மன்னார் வளைகுடாப் பக்கம் இறங்கும் சாலையில் இருக்கிறது. காலையில் இராமநாதபுரத்திலிருந்து ஒரு நகரப் பேருந்து உள்ளே வந்து, திரும்பி, 6.10க்குப் புறப்பட வேண்டும். அம்மா கரையில் ஏலம் எடுத்த மீனை அலுமினியச் சட்டியில் ஐஸ் போட்டு வைத்துக்கொண்டு அதில்தான் இராமநாதபுரம் போவார். தெருத் தெருவாகக் கூவி விற்பார்.

நான் கணினி படித்தவன். விடுமுறைக்கு வந்தபோது அந்த வழித்தடம் முழுக்க நடந்து, ஒவ்வொரு நிறுத்தத்தையும் கைப்பேசியில் குறித்தேன். பஸ் நேரங்களை உலகம் முழுக்க ஒரே மாதிரி எழுதுவதற்கு ஜிடிஎஃப்எஸ் என்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் 2005இல் சேர்ந்து தொடங்கியது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. நிறுத்தங்கள், வழித்தடங்கள், நடைகள், ஒவ்வொரு நடையும் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்பவை அதில் வெறும் உரைக் கோப்புகளாக இருக்கும். நான்கே நாளில் எழுதி முடித்தேன். எங்கள் ஊர்ப் பெயர் முதன்முதலாகத் திரையில் ஒரு நிறுத்தமாகத் தெரிந்தபோது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

அடுத்த வாரம் ஒரு நாள் காலையில் மற்ற பெண்கள் ஆட்டோவில் ஏறினார்கள். தங்கை செயலியைப் பார்த்து, 6.10 வண்டி இருக்கிறது என்றாள். அம்மா ஆட்டோவை விட்டுவிட்டார். அன்று அந்த நடை ரத்து. எட்டு மணிக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்தார். ஐஸ் கரைந்து, சட்டியின் விளிம்பிலிருந்து சேலைத் தோளில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சூடை மீனெல்லாம் வயிறு வெடித்துக் கிடந்தது. என்னைத் திட்டவில்லை. அரிவாள்மனையை எடுத்துப் போட்டு, கருவாட்டுக்கு உப்பு வைக்க உட்கார்ந்தவர், “வராது என்று மட்டும் தெரிந்திருந்தால் ஆட்டோவிலேயே போயிருப்பேன்” என்றார்.

நான் செய்த கருவிக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தெரியாது. கால அட்டவணையில் எல்லா வண்டியும் வரும். ஜிடிஎஃப்எஸ்ஸில் ‘இந்த நடை இன்று ரத்து’ என்று நேரலையாக அறிவிக்க 2011லிருந்தே வழி இருக்கிறது. ஆனால் யாராவது அதை அனுப்ப வேண்டுமே! ஓட்டுநர் ஒருவர் வரவில்லை என்றால் பணிமனைக்கு விடிவதற்கு முன்பே தெரிந்துவிடும். வண்டி வந்துசேரவில்லை என்றால் உச்சிப்புளி டீக்கடைக்கும் தெரிந்துவிடும். அங்கிருந்து சில மைல் தள்ளி, சட்டியோடு நிற்பவளுக்குத்தான் தெரியாது.

‘வேர் ஈஸ் மை டிரெயின்’ போலச் செய்யலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். அந்தச் செயலி கைப்பேசிக் கோபுரங்களை வைத்து, இணையம் இல்லாமலே ரயில் இருக்கும் இடத்தைக் காட்டும்; நல்ல வேலைப்பாடு. ஆனால் இணையம் இல்லாமல் அது காட்டுவது ரயிலுக்குள் இருப்பவருக்கு. வெளியே நிற்பவருக்கு யாரோ ஒருவர் சேதி அனுப்பியாக வேண்டும்.

அதனால் செயலியை ஓரமாக வைத்துவிட்டேன். இப்போது வீட்டில் ஒரு பழைய கைப்பேசி இருக்கிறது. அந்த எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் திரும்பக் கூப்பிட்டு, தங்கையின் குரலில் மூன்றில் ஒன்றைச் சொல்லும்: “வண்டி உச்சிப்புளியைத் தாண்டிவிட்டது”, “இந்த நடை இல்லை”, “இன்னும் சேதி வரவில்லை”. டீக்கடை அண்ணன் வண்டியைக் கண்டதும் அந்த எண்ணுக்கே 1 என்று குறுஞ்செய்தி அனுப்புவார். நடை இல்லை என்று தெரிந்தால் 2. அவர் கடை திறக்காத நாளில் மருந்துக்கடைப் பையன். மூன்றாவது வாக்கியத்துக்காகத்தான் நான் அதிகம் போராடினேன். சேதி இல்லாதபோது அட்டவணை நேரத்தைச் சொல்லிவிடலாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முடியாது என்றேன். தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொன்னதால்தானே அன்று சூடை கெட்டது?

நிறுத்தங்களுக்கு ஊரார் சொல்லும் பெயரையே வையுங்கள். நான் முதலில் பள்ளிக்கூடத்தின் முழுப் பெயரை எழுதியிருந்தேன். அங்கே இறங்குபவர்கள் எல்லோரும் கேட்பது “ஐஸ் கம்பெனி ஒன்று”. ஞாயிற்றுக்கிழமை சோதித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கடலைப் பொறுத்துத்தான் ஏலமும், பஸ்ஸுக்கு வரும் கூட்டமும்.

இதைப் படித்துவிட்டு, “மிஸ்டு கால் எல்லாம் ஒரு தொழில்நுட்பமா?” என்று யாராவது கேட்பார்கள். பொத்தான் கைப்பேசி வைத்திருக்கும் பெண்ணுக்கு உதவும் வேறு ஒன்றைக் காட்டினால் நாளைக்கே அதற்கு மாறிக்கொள்கிறேன். “பெண்களுக்குப் பயணம் இலவசம், பிறகு என்ன குறை?” என்றும் கேட்பார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது உண்மை. அது அம்மாவுக்கு எவ்வளவு மிச்சம் என்பது எனக்குத் தெரியும், நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனால் வராத வண்டியில் இலவசமாகப் போக முடியாது. ஓட்டுநர், நடத்துநர் மீதும் எனக்குக் கோபம் இல்லை. ஆள் பற்றாக்குறையில் இரட்டை வேலை பார்ப்பவர்கள் அவர்கள்.

ஒருவரைத் தவிர. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் தொடர்பில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு நடத்துநர், நாற்றம் என்று சொல்லி அம்மாவைப் பாதி வழியில் இறக்கிவிட்டார். அம்மா சட்டிக்கு மூடி போட்டு, மேலே சாக்கும் கட்டியிருந்தார். லக்கேஜ் டிக்கெட்டுக்குக் காசு கையிலேயே இருந்தது. அந்த வண்டியில் இருந்தவர்களில் எத்தனை பேர் வீட்டில் அன்று மத்தியானம் மீன் குழம்பு வைத்திருப்பார்கள்? ஒருவரும் வாய் திறக்கவில்லை. மழையில் இரண்டு கிலோமீட்டர் நடந்தார், ஐம்பத்தெட்டு வயதில். மனு எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை.

உங்கள் ஊர்ச் சாலையில் முதலில் வண்டி கண்ணில் படும் கடை எது என்று பார்த்து, அங்கே ஒரு வாரம் காலையில் உட்காருங்கள். குரல் பதிவுக்கான வாக்கியங்களும் அழைப்பைத் திருப்பும் சிறு நிரலும் என்னிடம் இருக்கின்றன, கேட்டால் அனுப்புகிறேன்.