ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் அவுட்லுக் ஏன் இழுக்கிறது?

அவுட்லுக் உங்கள் மெயில்பெட்டியின் நகலை ஓஎஸ்டி என்ற கோப்பில் வைத்துக்கொள்ளும். லேப்டாப்பில் அது ஒரே ஆளுக்கு. பலர் தொலைவிலிருந்து லாகின் செய்து வேலை பார்க்கும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வரிலோ முப்பது பேரின் ஓஎஸ்டி ஒரே டிஸ்க்கில் எழுதும். ஒரு குழாயடியில் முப்பது குடம் வைத்த மாதிரி. காலையில் எல்லாரும் லாகின் செய்யும்போது திணறல் நன்றாகத் தெரியும்.

அக்கவுண்ட் செட்டிங்ஸில் ஆஃப்லைன் மெயிலை 12 மாதத்திலிருந்து 1 மாதமாகக் குறையுங்கள். பழைய மெயில்கள் மெயில் சர்வரிலேயே இருக்கும். ஓஎஸ்டி கோப்பு உடனே சுருங்காது, அதன் செட்டிங்ஸில் 'காம்பாக்ட் நவ்' கொடுக்க வேண்டும். பகிர்ந்த ஃபோல்டர்களை இறக்கும் டிக்கையும் எடுத்துவிடுங்கள். பலர் மறப்பது இதைத்தான். லாகின் வெவ்வேறு சர்வருக்கு மாறினால் ஓஎஸ்டி கூடவே வராது, மறுபடி முதலிலிருந்து இறங்கும். அங்கே எஃப்எஸ்லாஜிக்ஸ் கண்டெய்னர் (எந்த சர்வருக்குப் போனாலும் உங்கள் கோப்புகளைக் கூடவே கொண்டுவரும் மைக்ரோசாஃப்ட் கருவி) அவசியம்.

இப்படி நகல் வைக்கும் கேஷ் முறையையே அணைத்தால் வேகம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மெயில் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் என்ற மைக்ரோசாஃப்ட்டின் இணைய மெயில் சேவையில் இருந்தால், திறக்கும் ஒவ்வொரு மெயிலும் இணையம் வழியாகத்தான் வந்து சேர வேண்டும்.