அண்ணாச்சி பதில்கள்: லாபி என்றால் கைக்கூலியா?

கேள்வி: சிப் ஏற்றுமதி விதியை மாற்றச் சொல்லி அமெரிக்கக் கம்பெனிகள் 'லாபி' செய்கின்றன என்று படித்தேன். கைக்கூலிதானே அண்ணாச்சி? (குளச்சல் வாசகர்)

பதில்: சட்டமும் விதியும் தங்களுக்குச் சாதகமாக அமைய அரசிடம் ஆள் வைத்துப் பேசுவதுதான் லாபி. கைக்கூலிக்கு, அதாவது லஞ்சத்துக்குக் கணக்கு கிடையாது, இதற்கு உண்டு. யாருக்காக, எந்த விஷயத்துக்காக, எவ்வளவு செலவு என்று அங்கே 1995-ஆம் வருடச் சட்டப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுக்க வேண்டும். யாரும் பார்க்கலாம். வால்மார்ட் இந்தியச் சந்தைக்காகவும் செலவழித்தது அந்தக் கணக்கில் தெரியவந்துதான் 2012-இல் நம் நாடாளுமன்றம் அமளிப்பட்டது. நம்மிடம் அப்படி ஒரு சட்டமே இல்லை, யாரைத் திட்ட?

இறால் கம்பெனியில் ஷிப்பிங் பில் எழுதியே தலை நரைத்தவன் நான். எந்த விதி வந்தாலும் முதலில் அதிலுள்ள எண்ணைத்தான் பார்ப்பேன். 2022 அக்டோபரில் சீனாவுக்கு உயர்ரக ஏஐ (செயற்கை நுண்ணறிவு) சிப் போகாமல் அமெரிக்கா தடுத்தது. சிப்புக்கும் சிப்புக்கும் இடையே தகவல் ஓடும் வேகம் வினாடிக்கு 600 கிகாபைட்டைத் தொடக்கூடாது என்று ஒரு வரம்பு. அமெரிக்க சிப் கம்பெனி என்விடியாவின் ஏ100 சிப் சரியாக அந்த 600. அடுத்த மாதமே 400-இல் ஏ800 வந்துவிட்டது! விதியை மீறவே இல்லை. 2023-இல் அதையும் அடைத்தார்கள்; எச்20 என்று அடுத்த சிப் வந்தது. 2025 ஏப்ரலில் அதற்கும் உரிமம் கேட்டார்கள். கம்பெனி 550 கோடி டாலர் வரை நஷ்டம் என்றது, தலைவர் ஜென்சன் ஹுவாங் டிரம்ப்பை நேரிலேயே பார்த்தார். ஆகஸ்டில், விற்பனையில் 15 சதவீதம் அரசுக்கு என்று வழி பிறந்தது. நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்தான சரக்கு 15 சதவீதத்தில் எப்படிச் சாதுவாகும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கேள்வி: "எங்களைக் கட்டுப்படுத்துங்கள்" என்று ஏஐ கம்பெனிகளே கேட்கின்றனவே? (தக்கலை வாசகி)

பதில்: கேட்டது நிஜம். 2023 மே மாதம் செனட் குழு முன்னால் ஓப்பன்ஏஐ கம்பெனியின் தலைவர் சாம் ஆல்ட்மேன் சக்திவாய்ந்த ஏஐக்கு உரிம முறை வேண்டும் என்றார். மறு வருடம் கலிஃபோர்னியா மாநிலம் எஸ்பி 1047 என்ற ஏஐ பாதுகாப்பு மசோதாவைக் கொண்டுவந்தபோது அவர் கம்பெனியே எதிர்த்துக் கடிதம் கொடுத்தது: இதையெல்லாம் மத்திய அரசு பார்க்கட்டுமாம். ஆளுநர் நியூசம் மசோதாவை நிராகரித்தார். அப்புறம் 2025-இல், மாநிலங்கள் பத்து வருடத்துக்கு ஏஐ சட்டமே அமல்படுத்தக்கூடாது என்று மத்திய மசோதா ஒன்றில் ஒரு ஷரத்து வந்தது. செனட் அதை 99-க்கு 1 என்று தூக்கி எறிந்தது.

கேள்வி: ஏற்றுமதிக் கட்டுப்பாடு பெரிய நாட்டுச் சமாச்சாரம். நமக்கென்ன? (மணவாளக்குறிச்சி வாசகர்)

பதில்: உங்கள் ஊரிலிருந்தா இந்தக் கேள்வி! உங்கள் மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில், அணு எரிபொருளுக்கு உதவும் தோரியம் உண்டு. அணுசக்தித் துறை உரிமம் இல்லாமல் அது கப்பல் ஏறாது. அருமண் தனிமங்களும் அதில்தான். சீனா 2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களுக்கு உரிமம் கட்டாயம் என்றதும், அவற்றைச் சேர்த்துச் செய்யும் காந்தம் கிடைக்காமல் நம் கார் கம்பெனிகள் டெல்லிக்கு ஓடின. அதுவும் லாபிதான்.