நாலு கம்பிக்காரர்களின் கேள்விகள்

கேள்வி: பிரிசிஷன் வகை பேஸ் கிடார் ஒன்றைப் பழையதாக வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஒலி மந்தமாக இருக்கிறது, வேகமாக வாசித்தால் எல்லாம் கலங்கிப் போகிறது. பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மாற்றச் சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கம்பி எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, அதனால் முன்னாள் சொந்தக்காரர் போட்ட கம்பிதான் இன்னும் ஓடுகிறது என்று பந்தயமே கட்டலாம். ரவுண்ட்வவுண்ட் (மேலே உருண்டைக் கம்பி சுற்றியது) கம்பியின் சுற்றுகளுக்கு நடுவில் வியர்வையும் அழுக்கும் ஏறிவிட்டால் அதன் பளிச்சென்ற மேல் ஒலிகள் போய்விடும். அப்புறம் எவ்வளவு உசத்தியான பிக்கப்பைப் போட்டாலும் அது செத்த கம்பியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும். முதலில் 45-105 அளவில் (தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) ஒரு செட் போடுங்கள்.

அதன்பின் செட்டப், அதாவது நெக், கம்பி உயரம், சுருதி எல்லாவற்றையும் சரிசெய்வது. இதில் வரிசை முக்கியம், ஒன்றைத் தொட்டால் அடுத்தது மாறும். சுருதி சேர்த்துவிட்டு, இ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து நடுவில், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம், எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் வாக்கில் இருந்தால் நல்லது. அதிகமென்றால் ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் உலோகக் கம்பி) கொஞ்சம் இறுக்க வேண்டும், ஒரே மூச்சில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம், திருப்பிவிட்டு ஒருநாள் விட்டுப் பாருங்கள். பிறகு பிரிட்ஜில் (உடல் பக்கம் கம்பிகளைத் தாங்குவது) கம்பியின் உயரம், 12ஆவது ஃப்ரெட்டில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர். கடைசியாக இன்டோனேஷன், அதாவது நெக் முழுக்கச் சுருதி சரியாக நிற்பது: 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) அழுத்தி வாசித்த ஸ்வரத்தையும் ட்யூனரில் ஒப்பிட்டு, அழுத்தியது ஏறியிருந்தால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சாடிலைப் பின்னால் தள்ளுங்கள். பிக்கப் கம்பிக்கு மிக நெருக்கமாக இருக்கிறதா என்றும் ஒரு பார்வை. காந்தம் கம்பியைப் பிடித்து இழுத்தால் ஸ்வரம் நிற்காது, சுருதியும் தள்ளாடும்.

இவ்வளவும் செய்தபின்னும் பிடிக்கவில்லையென்றால் எழுதுங்கள், பிக்கப் பேசலாம். பாதிப்பேர் திரும்ப எழுதுவதில்லை.

கேள்வி: மோட்டவுன் இசை நிறுவனத்தின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பியே மாற்ற மாட்டார் என்பார்களே?

பதில்: உண்மைதான், ஆனால் அவர் போட்டிருந்தது ஃப்ளாட்வவுண்ட். வழவழப்பான அந்தக் கம்பி பழசாகப் பழசாக வேறொரு அழகுக்கு வரும். கூடவே பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒலியைக் கட்டுப்படுத்த ஸ்பாஞ்ச், வலது கையில் ஒற்றை விரல். மோட்டவுன் ஒலி வேண்டுமென்றால் அந்த வழியில் போங்கள். ரவுண்ட்வவுண்டைப் போட்டுவிட்டு மூன்று வருடம் மாற்றாமல் இருப்பது ஜேமர்சன் வழி ஆகாது, அது சோம்பல்.

கேள்வி: என் ஜாஸ் பேஸில் (இரண்டு பிக்கப் உள்ள வகை) இரண்டு வால்யூமையும் முழுதாக வைத்தால் அமைதி. ஒன்றைக் குறைத்தால் உடனே 'ம்ம்ம்' என்று இரைகிறது. பழுதா?

பதில்: இல்லை, அதன் பிறவிக் குணம். இரண்டு பிக்கப்புமே சிங்கிள் காயில், ஒற்றைச் சுருள். ஒன்றுக்கொன்று சுற்றும் எதிர்த்திசை, காந்த முனையும் எதிர். அதனால் இரண்டும் சம அளவில் திறந்திருக்கும்போது வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும், கம்பியின் ஒலி மட்டும் கூடி நிற்கும். ஒன்றைக் குறைத்தால் அந்தக் கணக்கு கெடும். பிரிசிஷனில் 1957 முதல் வந்த இரண்டாகப் பிளந்த பிக்கப் இதே தந்திரத்தை ஒரே பிக்கப்புக்குள் செய்துவிடுகிறது. உடலில் பிக்கப் உட்காரும் குழிக்குள் தாமிர டேப் ஒட்டி எர்த்தோடு இணைத்தால் 'கர்ர்' என்ற சத்தம் குறையும், ஆனால் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் இந்த 'ம்ம்ம்'முக்கு டேப் மருந்தல்ல. அதற்கு அதே வடிவில் கிடைக்கும் ஹம் இல்லாத பிக்கப்தான் வழி. இன்னொன்று, கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைந்தால் பயமில்லை, கூடினால் ஜாக்கில் ஒயர்கள் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஃப்ரெட் இல்லாத பேஸுக்குப் பேர்போன ஜாகோ பாஸ்டோரியஸ் மாதிரி ஃப்ரெட்டுகளைப் பிடுங்கிவிடலாமா?

பதில்: ஜாகோவின் 1962 ஜாஸ் பேஸில் ஃப்ரெட் இருந்த பள்ளங்களை அடைத்து, மேலே படகுக்குப் பூசும் எபாக்சி பூசியிருந்தார்கள், ரவுண்ட்வவுண்ட் கம்பி மரத்தை அறுத்துவிடாமல் இருக்க. நீங்களும் செய்யலாம். ஆனால் ஃப்ரெட்டைச் சூடாக்காமல் இடுக்கியால் பிடுங்கினால் மரம் சில்லு சில்லாகப் பெயரும், ஃப்ரெட் போன பின் நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெட்டுள்ள துண்டு) உயரமும் குறைக்க வேண்டும். போல்ட் போட்ட நெக் என்றால் ஃப்ரெட்லெஸ் நெக் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டுங்கள், பழையது பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஆரம்ப நாட்களில் பிரிட்ஜ் பக்கம் இரண்டாவது பிக்கப் வைக்க நானே உளி எடுத்துக் குழி தோண்டினேன். அளவு ஒரு சென்டிமீட்டர் தள்ளிப்போய், ஜி கம்பி காந்தத்துக்கு மேலே போகாமல் ஓரமாகப் போனது. குழியை மூட ஒரு பிளாஸ்டிக் தகடு வைத்தேன். இன்றைக்கும் யாராவது அது என்ன தகடு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

கேள்வி: என் பேஸில் 'க்ரோல்' இல்லை என்கிறார் நண்பர். அது என்ன?

பதில்: அவரையே கேளுங்கள், அவருக்கும் தெரியாது. சரி, சுமாராகச் சொல்கிறேன்: புதுக் கம்பி, பிரிட்ஜ் பக்க பிக்கப், விரலைக் கொஞ்சம் அழுத்திக் கம்பி ஃப்ரெட்டில் உரசும்படி வாசிப்பு, இவை சேர்ந்து நடு அலைவரிசையில் எழும் உறுமல். பேஸ்காரர்கள் பேச்சில் பாதி இப்படித்தான், 'வார்ம்', 'பஞ்ச்' என்று ஆளுக்கொரு அர்த்தம் வைத்திருப்பார்கள். மரம் ஆல்டரா ஆஷா என்று மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: டோன் குமிழை எத்தனையில் வைத்திருக்கிறீர்கள்? ஒரே வரியை ஒரே ஆம்ப்பில் இரண்டு பேஸிலும் பதிவு செய்து, எது எது என்று சொல்லாமல் போட்டுக்காட்டுங்கள். சண்டை சீக்கிரம் அடங்கும்.

கேள்வி: நாலு கம்பியிலேயே தாழ்ந்த பி வரை இறங்க முடியுமா?

பதில்: முடியும். ஐந்து கம்பி செட்டில் மெல்லிய ஜி-யை விட்டுவிட்டு மற்ற நான்கையும் மாட்டி பி-இ-ஏ-டி என்று சேர்க்க வேண்டும். சாதாரண இ 41 ஹெர்ட்ஸ், பி ஏறக்குறைய 31, சின்ன ஆம்ப்பில் அது ஒலியாக வராது, நடுக்கமாகத்தான் வரும். தடித்த கம்பிக்கு நட்டின் வெட்டை அகலப்படுத்தணும், அகலப்படுத்தினால் பழைய கம்பி அதில் ஆடும். எனவே இரண்டாவது நட் ஒன்று வாங்கி அதை அறுங்கள்.

கேள்வி: ஆக்டிவ் பேஸ் (உள்ளே பேட்டரியில் ஓடும் மின்சுற்று உள்ளது) வாங்கினேன். 9 வோல்ட் பேட்டரி வாரக்கணக்கில்கூடத் தாங்கவில்லை.

பதில்: வாசித்து முடித்ததும் கேபிளை உருவுகிறீர்களா? கேபிள் உள்ளே இருக்கும்வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும், ஜாக்தான் அதற்கு சுவிட்ச்.